செஞ்சி வணிகத்தின் சார்பில் பேசுவது யார்?

சென்னையிலோ மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பதைப் போலச் சொந்தக் கட்டடமும் ஊழியர்களும் ஆண்டறிக்கையும் கொண்ட ஒரு வர்த்தக சபையைச் செஞ்சி அளவிலான ஊர்களில் தேடுவதில் பொருளில்லை. ஆனால் அத்தகைய சபை செய்யும் வேலைகள் ஏறத்தாழ எல்லாமே இங்கும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. கடைவீதிக்காரர்களின் குறைகளை வணிகர் சங்கம் பேசுகிறது. நெல்லும் நிலக்கடலையும் என்ன விலைக்கு, எந்த எடையில், எத்தனை நாளில் பணமாகும் என்பதை ஊரார் ‘கமிட்டி’ என்று அழைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் தீர்மானிக்கிறது. வெள்ளிக்கிழமை வாரச்சந்தைக்கு இடமும் கட்டண வசூலும் உள்ளாட்சியின் பொறுப்பில் உள்ளன. வரி, உரிமம், சட்டத் திருத்தம் ஆகியவை பற்றிய பேச்சு, மாநில அளவிலான பேரமைப்புகளின் வழியாகச் சென்னையில் நடக்கிறது. ஒரே சபையிடம் இருக்கக்கூடிய பொறுப்புகள் இப்படி நான்கு இடங்களில் சிதறிக் கிடப்பதால் செஞ்சிக்குக் கிடைத்தது என்ன, விடுபட்டது என்ன என்பது ஆராயத்தக்க கேள்வியாகும்.

வர்த்தக சபை என்பது, ஒரு குறிப்பிட்ட ஊரில் அல்லது வட்டாரத்தில் வெவ்வேறு தொழில்களைச் செய்வோர் தங்கள் பொது நலனுக்காக அமைத்துக்கொள்ளும் இலாப நோக்கற்ற அமைப்பாகும். ஒரே தொழிலைச் செய்வோர் மட்டும் சேர்ந்தால் அது தொழில்வழிச் சங்கம் ஆகிவிடும். நகைக்கடைக்காரர் சங்கமும் அரிசி ஆலை உரிமையாளர் சங்கமும் அவ்வகையைச் சேர்ந்தவை. உரக்கடைக்காரர், ஆலைக்காரர், ஓட்டல்காரர், லாரி உரிமையாளர் எனப் பல தரப்பினரும் ஓரிடத்தில் கூடி, தங்களுக்குள் முரண்படும் நலன்களையும் வைத்துக்கொண்டு, ஊருக்கு எது தேவை என்று பேசி முடிவெடுக்கும்போதுதான் வர்த்தக சபை என்ற பெயருக்குப் பொருள் கிடைக்கிறது. தொழில்வழிச் சங்கம் பெரும்பாலும் ஒரு வரிக்குறைப்பைக் கேட்கும். ஊர்வழிச் சபை கேட்க வேண்டியவையோ சாலை, கிடங்கு, பேருந்து நிலையம், இரயில் பாதை, வங்கிக் கடன், உள்ளூர்த் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் ஏற்பாடு முதலியவை.

இவ்வகை அமைப்புகளில் மிகப் பழமையானது என்று பொதுவாகக் கருதப்படுவது பிரான்சின் மர்சேய் நகரில் 1599இல் தோன்றியது. கீழை மத்தியதரைக் கடல் துறைமுகங்களோடு நடந்த வாணிகத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தையும் பின்னர் பெற்றிருந்த அந்தச் சபை, ஏறத்தாழ அரசின் ஓர் உறுப்பாகவே இயங்கியது. ஐரோப்பாவின் பெருநிலப்பகுதியில் அந்த மரபு இன்றும் தொடர்கிறது. ஜெர்மனியில் தொழில் நடத்துவோர் தம் வட்டாரச் சபையில் சட்டப்படி உறுப்பினராக இருந்தே தீர வேண்டும். இதற்கு மாறாக, 1783இல் அமைந்த கிளாஸ்கோ சபை போன்றவை பின்பற்றிய பிரிட்டானிய மரபில் உறுப்பினராவது அவரவர் விருப்பம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது மரபு. ஆகவே இங்குள்ள வர்த்தக சபைகள் சந்தா செலுத்துவோருக்குக் கட்டுப்பட்டவையாக இருக்கின்றனவே அன்றி, வட்டாரத்தின் வணிகம் முழுவதற்கும் பொறுப்பேற்பவையாக இல்லை.

மர்சேய் நகரம் செஞ்சிக்கு அவ்வளவு தொலைவானதும் அன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மானாவாரிச் செம்மண்ணில் விளைந்த நிலக்கடலை, அதாவது இப்பகுதியினர் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்லும் பயிர், புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகக் கப்பலேறி மர்சேயின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் சென்றது. 1879இல் திறக்கப்பட்ட விழுப்புரம்–புதுச்சேரி இரயில் பாதைக்கு இந்த ஏற்றுமதி முக்கியமான சரக்காக அமைந்தது. விலையைத் தீர்மானித்த ஆலைக்காரர்களுக்கு 250 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அமைப்பு பலம் இருந்தது; விளைவித்த தரப்பிலோ, தரகரிடம் வாங்கிய முன்பணத்தைத் தவிர வேறு ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. உலகச் சந்தையில் ஒரு சிற்றூர் எந்த நிலையில் நுழைந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அமைப்பு என்பது தமிழ் வணிகர்களுக்குப் புதிதன்று என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டும். சோழர் காலத்தில் வேளாளர் ஊர்களுக்கு ‘ஊர்’, பிராமணர் ஊர்களுக்குச் ‘சபை’ என்பன போல வணிகர் குடியிருப்புகளுக்கு ‘நகரம்’ என்ற மன்றம் இருந்தது. அதற்கு அப்பால் பல நாடுகளுக்கும் சென்று வாணிகம் செய்த ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் முதலிய குழுக்கள் இருந்தன. கைமாறும் சரக்குப் பொதி ஒன்றுக்கு இவ்வளவு என்று தம்மேல் தாமே விதித்துக்கொண்ட தொகையை இவர்கள் கோயில்களுக்கு அளித்தனர்; கல்வெட்டுகள் அதைப் பட்டணப்பகுடி என்று குறிப்பிடுகின்றன. பிற்காலத்தில் மகமை என்ற பெயரில் வழங்கியதும் இதே ஏற்பாடுதான். விருதுநகர் நாடார் வணிகர்கள் மகமைப் பணத்தைக் கொண்டு 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கியதை, ஒரு வணிகர் அமைப்பு தன் ஊருக்குச் செய்யக்கூடியதற்கு உச்சமான எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எனினும் மகமையின் பலம் சாதி என்ற ஒரே கட்டுக்குள் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. பல சாதியாரும் பல சமயத்தாரும் கடை வைத்திருக்கும் செஞ்சி போன்ற ஊருக்கு அதே வடிவம் பொருந்தாது.

செஞ்சியின் கோட்டை வரலாற்றைப் போர்களின் வரிசையாகச் சொல்வதே வழக்கம். வணிகத்தின் கண்ணோடு பார்த்தால் அது அனுமதிகளின் வரலாறாகவும் தெரியும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் வாணிகம் செய்ய இசைவளித்தவர் செஞ்சி நாயக்கர். சிவாஜி 1677இல் கோட்டையைக் கைப்பற்றிய பிறகு, அவர் மகன் இராஜாராம் மொகலாயப் படையின் நீண்ட முற்றுகைக்கு எதிராகச் செஞ்சியில் தங்கியிருந்தபோது, 1690இல் அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. சுற்றுநிலத்தின் எல்லை, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுகிறதோ அதுவரை என்று வகுக்கப்பட்டது. கடற்கரையின் வாணிகம் மலைக்கோட்டையில் தீர்மானிக்கப்பட்ட அந்தப் பேரங்களில் கம்பெனிகளின் பெயர்கள் பதிவாயின. நெய்தவரும் விளைவித்தவரும் உள்ளூர்ச் சந்தைகளில் விற்றவரும் அவற்றில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை.

காலனியாட்சியில் தோன்றிய சபைகளும் இந்த நிலையைப் பெரிதாக மாற்றிவிடவில்லை. 1836இல் அமைந்த மெட்ராஸ் வர்த்தக சபை ஐரோப்பிய வணிக நிறுவனங்களின் அமைப்பாக நெடுங்காலம் இருந்தது. 1906இல் அர்பத்நாட் வங்கி சரிந்து பலருடைய சேமிப்பை விழுங்கிய அதிர்ச்சிக்குப் பிறகு, இந்திய வணிகர்கள் தங்களுக்கென வங்கியும் அமைப்பும் வேண்டும் என்று முனைந்த காலத்தில், 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை உருவானது. பிட்டி தியாகராய செட்டியார் அதன் தலைவராக விளங்கினார். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் இத்தகைய வணிக அமைப்புகளுக்குத் தனித் தொகுதிகளே ஒதுக்கப்பட்டன. 1924இல் மதுரையிலும் 1929இல் கோயம்புத்தூரிலும் சபைகள் எழுந்தன. துறைமுகம், பஞ்சாலை, பெருந்தோட்டம் ஆகியவற்றைச் சார்ந்து வளர்ந்த இந்த அமைப்புகளின் நோக்கில், தென்னார்க்காட்டின் உட்பகுதி ஊர்கள் சரக்கு வரும் இடங்களாக மட்டுமே இருந்தன.

செஞ்சி வட்டாரத்து வணிகத்தை உண்மையில் மாற்றியது ஒரு சட்டம்தான். விளைபொருளை விற்க வரும் உழவரிடம் தரகு, சாக்குக் கழிவு, மாதிரிக்கென அள்ளும் தானியம், தருமக் கழிவு என்று பல பெயர்களில் பிடித்தம் செய்வதும், துண்டுக்கு அடியில் விரல்களைத் தொட்டு இருவருக்கு மட்டும் தெரியும்படி விலை பேசுவதும் இந்தியச் சந்தைகளில் பரவலாக இருந்த பழக்கங்கள். 1928இல் அறிக்கை அளித்த வேளாண்மைக்கான அரசக் குழு, சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் தேவை என்று வலியுறுத்தியது; அதைத் தொடர்ந்து 1933இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை ஆகிய மூன்றுமே அப்போது வணிகப் பயிர்களாகக் கொள்ளப்பட்டன. முதல் கூடம் 1936இல் பருத்திக்காகத் திருப்பூரில் அமைந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த ஏற்பாட்டை மற்ற விளைபொருள்களுக்கும் விரித்தன. வணிகர்கள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தவறிய இடத்தில் அரசு புகுந்தது என்று இதைச் சொன்னால் வணிகர்களுக்குக் கசக்கலாம். ஆனால் வர்த்தக சபை எதற்காக இருக்க வேண்டும் என்று கேட்கும் எவரும் இந்த வரலாற்றைத் தாண்டிச் செல்ல முடியாது.

செஞ்சிக் கமிட்டியில் வேலை நடக்கும் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. சம்பா அறுவடை முடிந்ததும், மேல்மலையனூர், வல்லம், அனந்தபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து டிராக்டரிலும் மினி லாரியிலும் நெல் வந்து குவியும். 75 கிலோ கொண்டது ஒரு நெல் மூட்டை. மணிலாவுக்கு 80 கிலோ. ஒவ்வோர் உழவரின் சரக்கும் தனித்தனிக் குவியலாக வைக்கப்பட்டு எண் இடப்படுகிறது. அந்தக் குவியலுக்கு லாட் என்று பெயர். உரிமம் பெற்ற வியாபாரிகள் தானியத்தைக் கையில் அள்ளி, ஈரப்பதத்தையும் அரைத்தால் எவ்வளவு அரிசி தேறும் என்பதையும் கணித்து, தாங்கள் தரும் விலையைச் சீட்டில் எழுதிப் போடுகிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது என்பதால் இதற்கு மறைமுக ஏலம் என்று பெயர். மிகுதியான விலை எழுதியவருக்கு லாட் முடிவாகிறது. விலை பிடிக்கவில்லையென்றால் உழவர் மறுக்கலாம், சரக்கைக் கிடங்கில் வைத்து அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெற்றுப் பின்னர் விற்கலாம். சந்தைக் கட்டணமான 100க்கு 1 ரூபாயை வாங்குபவரே செலுத்துகிறார். உழவரிடம் தரகு பிடிப்பதற்கு இடமில்லை.

சட்டம் வகுத்த ஏற்பாடு இவ்வாறிருக்க, நடைமுறையில் இதன் உயிர் வியாபாரிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஏலத்தில் பலர் கலந்துகொண்டால் சீட்டுமுறை நன்றாக வேலை செய்யும். சிலரே வந்து, அவர்களும் முன்கூட்டியே தங்களுக்குள் பேசிக்கொண்டால், மறைமுக ஏலம் என்பது பெயரளவில் மட்டுமே மறைமுகமாக இருக்கும். ஒரே தொழிலைச் செய்வோர் கூடினால் பேச்சு பொதுமக்களுக்கு எதிரான விலையேற்றத்தில் போய் முடியும் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எச்சரித்தார். இந்தியாவில் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், சங்கங்களின் வழியாக விலையை ஒருமித்துத் தீர்மானிப்பதையும் தடை செய்திருக்கிறது. மறுபக்கத்தில் வியாபாரிகளின் சிக்கலும் உண்மையானது. வரத்து ஒரே வாரத்தில் வந்து குவியும்போது எடை போட ஆள் போதாது, சாக்கு போதாது, ஆலையிலிருந்து வர வேண்டிய பணம் வருவதற்குள் உழவருக்குக் கொடுத்தாக வேண்டும். இவற்றை எடுத்துச் சொல்ல வியாபாரிகளுக்கு ஓர் அமைப்பு தேவை. அதே அமைப்பு விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் தேவை. இந்த எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதுதான் உள்ளூர் வணிக அமைப்பின் மையச் சிக்கல், மேடைகளில் பேசப்படும் தொழில் வளர்ச்சியெல்லாம் அதற்கு அடுத்ததே.

வெள்ளிக்கிழமைச் சந்தை இன்னொரு விதமான உலகம். ஆடுகளுக்குப் பெயர்பெற்ற இச்சந்தைக்குப் பக்ரீத், தீபாவளி முதலிய பண்டிகைகளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் வெளிமாவட்ட வியாபாரிகளும் வந்து திரளுவதும், கோடிக்கணக்கான ரூபாய் கைமாறியதாக நாளேடுகள் எழுதுவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. தமிழகத்தின் வாரச்சந்தைகளில் கட்டணம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சிகள் குத்தகைக்கு விடுவது வழக்கம். குத்தகைதாரர் ஆட்டுக்கும் தரைக்கடைக்கும் தனித்தனியே வாங்குவதை அடிக்காசு என்பர். விடியுமுன்னே தொடங்கிச் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த வாணிகத்தில், ஆட்டை ஓட்டிவந்த பெண்களும் சிறு வளர்ப்போரும் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்லர். அவர்கள் கையில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதி அன்றே கடைவீதியில் துணியாகவும் மளிகையாகவும் மாறுகிறது என்பதைக் கடைக்காரர்கள் அனைவரும் அறிவர். ஆயினும் சந்தையில் தண்ணீர், கழிப்பறை, நிழல் ஆகியவை வேண்டும் என்ற கோரிக்கை வணிகர்களின் கோரிக்கையாக எழுவது அரிது.

கடைவீதியின் சங்கங்கள் வலுவாக இருப்பது வேறோர் இடத்தில். மாநிலத்தின் ஊர்ச் சங்கங்கள் பேரமைப்பு, பேரவை என்ற பெயர்களில் ஒன்றிணைந்து இயங்குகின்றன. மே 5ஆம் நாள் 1983 முதல் வணிகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1989இல் அமைக்கப்பட்ட வணிகர் நல வாரியத்தில் சிறு கடைக்காரர்களைச் சேர்ப்பது, உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கும் எடைக்கல் முத்திரைக்கும் முகாம் நடத்தச் செய்வது, 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது கணக்கு எழுதத் தெரியாதவருக்கு வழிகாட்டுவது போன்ற வேலைகளை இத்தகைய சங்கங்கள்தான் செய்துவருகின்றன. 2017 மார்ச்சு முதல் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று மாநிலச் சங்கங்கள் எடுத்த முடிவு, சிறு கடைகள் சேர்ந்தால் எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் அசைத்துப் பார்க்கலாம் என்பதைக் காட்டியது. ஆனால் பெட்டிக்கடைக்காரர் தம் குளிர்பதனப் பெட்டியையே அந்நிறுவனங்களிடமிருந்து பெற்றிருந்த நிலையில், அந்த முடிவு நெடுநாள் நிலைக்காததில் வியப்பில்லை.

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொட்டலங்களில் அடைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்ட நிகழ்வு, நெல்லை நம்பி வாழும் ஊர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஆலைகளும் கடைகளும் ஒருநாள் அடைக்கப்பட்டன, மனுக்கள் அனுப்பப்பட்டன; சில வாரங்களில் சந்தையில் 26 கிலோ மூட்டை தோன்றி, வரி எல்லையை ஒரு கிலோவால் கடந்துவிட்டது. சங்கத்தின் போராட்டம் பெறாததை ஆலைக்காரரின் தராசு பெற்றுத் தந்தது எனலாம். ஆனால் மாதச் சம்பளம் இல்லாமல் 5 கிலோ, 10 கிலோ என்று வாங்கும் குடும்பத்துக்கு அந்த வழி உதவவில்லை. வாங்குவோரின் தரப்பை முன்வைத்து வாதாட, உள்ளூரின் விற்பனை எத்தகையது, எவ்வளவு பேர் சிறு பொட்டலம் வாங்குகிறார்கள் என்ற விவரம் தேவை. அதைத் திரட்டும் பழக்கம் கடைவீதிச் சங்கங்களுக்கு இல்லை. அவற்றின் பேச்சு மனுவில் தொடங்கிக் கடையடைப்பில் முடிந்துவிடுகிறது.

இந்தக் குறை இனிமேல் கூடுதலாக உறுத்தும். 2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியப் படைத்துறை நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. மகாராட்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் காண வருவோர் பெருகக்கூடும். ஆனால் கோட்டை திருவண்ணாமலைச் சாலையில் ஊருக்கு மேற்கே இருப்பதால், காரில் வருபவர் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டுக் கடைவீதியை எட்டிப் பாராமலே திரும்பிவிட முடிகிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் விதித்திருக்கிறது. அது கோட்டைக்கு நல்லது; விடுதிகளும் உணவகங்களும் ஊருக்குள் அமைவதற்கும் அது உதவலாம். தொல்லியல் துறை, சுற்றுலாத் துறை, போக்குவரத்துக் கழகம், உள்ளாட்சி ஆகிய நான்கையும் ஒருசேர அணுகி, கோட்டை வாயிலிலிருந்து கடைவீதி வரை ஒரு நகரப் பேருந்தையும், தரைக்கடை போடுவோருக்கு வரம்புக்கு வெளியே ஓர் இடத்தையும் கேட்டு வாங்குவது, தனிக் கடைக்காரர் எவராலும் இயலாத, ஓர் ஊர்வழிச் சபைக்கே உரிய வேலை. பெரிய நிறுவனங்கள் சாலையோரத்தில் இடம் வாங்கி முடித்த பிறகு அந்த வேலையைத் தொடங்குவதில் பயனில்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்ல வேண்டிய, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை 2006–07இல் ஒப்புதல் பெற்று, நிதிநிலை அறிக்கைகளில் சிறு தொகைகளோடு நீண்ட காலமாக இழுபட்டு வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களும் கட்சிகளும் ஊர்ச் சங்கங்களும் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இரயில்வே எழுப்பும் கேள்வியோ எப்போதும் ஒன்றுதான்: எவ்வளவு சரக்கு, எத்தனை பயணிகள், என்ன வருமானம்? ஆண்டொன்றுக்கு எத்தனை மூட்டை நெல் வெளியே போகிறது என்பது கமிட்டியின் பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை ஆடு விற்றது என்பது குத்தகைதாரரின் இரசீதுக் கட்டில் இருக்கிறது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசைக் கூட்டத்துக்கு எத்தனை சிறப்புப் பேருந்து ஓடியது என்பது பணிமனையில் இருக்கிறது. கோட்டைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது தொல்லியல் துறையின் சீட்டுக் கணக்கில் இருக்கிறது. நான்கு அலுவலகங்களுக்கும் ஒரு மாதம் நடந்து இவற்றை எழுதிவந்து, நான்கு பக்க அறிக்கையாக அடித்து, அடுத்த மனுவோடு சேர்த்து வைக்க ஒரு சங்கச் செயலாளர் போதும்.